நெஞ்செரிச்சலும் சஞ்சீவி மாத்திரையும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடையிலே 18 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சமவெளியின் வெக்கை. மேலே மலைவாழைத் தோட்டத்துக் குளிர்ச்சி. அந்த மலைமேல் மாணவர்க்கு வரலாறு சொல்லிக் கொடுப்பது என் பணி.

ஒருநாள் வகுப்பிலே ஒரு சிறுவன் எழுந்து நின்றான். "ஐயா! அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு துண்டு கீழே விழுந்ததாமே! அந்தத் துண்டுதான் நம்ம சிறுமலையாமே! அப்படியானால் சஞ்சீவி மூலிகை இங்கேதானே இருக்க வேண்டும்?" என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கதையை நம்பினான் சிறுவன். எனினும் கதையோடு நிற்கவில்லை, கேள்வி கேட்டான் அல்லவா? அதற்காகவே அவனைப் பாராட்டினேன். "தம்பி! மலையிலே நல்ல மூலிகைகள் இருக்கலாம். தேடிப் பார்த்து, சோதித்துப் பார்த்து அறிய வேண்டியது அது. ஆனால், எல்லா நோயும் தீர்க்கும் ஒரே மருந்து என்று எவர் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், எந்த நோய்க்கு, எந்த அளவு, எத்தனை நாளுக்கு, என்ன கெடுதல் என்று நான்கு கேள்வி கேள்" என்றேன். பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட பெருமிதத்தோடு மலையிறங்கினேன்.

வீட்டிலே காத்திருந்தது, என் பெருமிதத்துக்கு மருந்து!

அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். கடுகு இருந்தது, சீரகம் இருந்தது, வெந்தயம் இருந்தது; மஞ்சளுக்குப் பக்கத்திலே, வெள்ளித் தாளில் பளபளக்கும் மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது!

"என்ன மாத்திரை அம்மா இது?"

"நெஞ்செரிச்சலுக்கு."

"யார் கொடுத்தது?"

"அஞ்சு வருசத்துக்கு முன்னாலே முழங்கால் வலிக்குப் போனபோது எழுதிக் கொடுத்தாங்க."

"எத்தனை நாள் சாப்பிடச் சொன்னார்கள்?"

"அதை யார் கேட்டது? சோறு இல்லாமல்கூட ஒரு நாள் இருந்துவிடுவேன் தம்பி, இது இல்லாமல் முடியாது!"

வெட்கித் தலைகுனிந்தேன். ஊரார் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கிறேன். என் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலே ஐந்தாண்டுகளாகக் கேள்வியின்றிக் குடியிருக்கிறது ஒரு சஞ்சீவி! அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

தாத்தாவின் தழும்பு

மாத்திரையைத் தூற்றுவதற்கு முன், அது வருவதற்கு முன்பிருந்த காலத்தைப் பார்க்க வேண்டும் நாம். அந்தக் காலம் என் தாத்தாவின் வயிற்றிலே எழுதப்பட்டிருந்தது.

அம்மாவைப் பெற்ற தாத்தா, திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. அவர் வயிற்றிலே, தொப்புளுக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. சிறு வயதில் அதன்மேல் விரலோட்டி விளையாடுவேன். "என்ன தாத்தா இது?" என்றால், "குன்மம் வந்து கிழிச்சது" என்பார். நள்ளிரவில் எழுப்பிவிடும் வலி. ஒரு வாய் சோறு தின்றால் அடங்கும். இரண்டு நாழிகையில் திரும்பும். அம்மாச்சி தாயத்துக் கட்டினார், நேர்த்திக்கடன் வைத்தார், காரத்தை நிறுத்தினார். புண் நிற்கவில்லை. கடைசியில், 1960-களில், மதுரையிலே வயிற்றைக் கிழித்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

அவர் ஒருவர் மட்டுமா? முன்சிறுகுடற் புண் என்பது தென்னாட்டு ஏழைகளின் நோய் என்று சொல்லும் அளவுக்கு மலிந்து கிடந்த காலம் அது. அதற்குச் சான்று நம் குமரி மாவட்டத்து நெய்யூர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த அந்தச் சிற்றூரின் மருத்துவமனைக்கு, ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஹோவர்ட் சோமர்வெல் என்பது அவர் பெயர். எவரெஸ்ட் கொடுமுடியை எட்டிப் பிடிக்க 1922-இலும் 1924-இலும் புறப்பட்ட குழுக்களில் ஒருவர். உயிர்வளிக் கலம் இல்லாமல் 28,000 அடி உயரத்தை ஒட்டி ஏறியவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரிலே நோயாளிகள் குவிந்து கிடப்பதையும் கை போதாமல் மருத்துவர் திணறுவதையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த புகழையும் பொருளையும் விட்டுவிட்டு, இங்கேயே தங்கிப் பணிபுரிய முடிவெடுத்தார்.

சமயப் பரப்புச் சங்கத்தின் சார்பிலே வந்தவர்தாம். ஆயினும் அவர் மேசையிலே கிடந்தவனைக் காப்பாற்றியது செபமன்று, கத்தி! புண்ணால் அடைபட்ட வழியைத் தவிர்த்து, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைக்கும் அறுவையை மிகப் பலருக்குச் செய்தார். அந்தப் பட்டறிவைப் பிழிந்து, இரைப்பை அறுவை பற்றி 1948-இல் நூலே எழுதினார். பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டு இளைஞர்க்கு அக்கலையைக் கற்பித்தார்.

கத்தி காத்தது, ஆம். ஆனால் கத்திக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. இரைப்பை குறைந்தவன் வயிறார உண்ண முடியாது. உண்டவுடன் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம். சிலருக்கு இணைத்த இடத்திலேயே மீண்டும் புண். என் தாத்தா அறுவைக்குப் பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் ஒருநாளும் பந்தியிலே உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்பார் அம்மா.

மாத்திரையின் நன்மை என்ன என்று கேட்போருக்கு இந்தத் தழும்புதான் முதல் விடை.

இருவகைக் காரம்

இரைப்பையிலே அமிலம் சுரப்பது நோயன்று, இயற்கை. புரதத்தைச் செரிக்க உதவுவது அது. உணவோடு நுழையும் கிருமிகளைக் கொல்லும் காவற்காரனும் அதுவே. அதன் சூட்டைத் தாங்க இரைப்பைச் சுவருக்குச் சளிப்படலம் என்ற கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய கவசம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறும். நெஞ்செலும்புக்குப் பின்னே நெருப்பு மூளும். 'எதுக்களிக்கிறது', 'நெஞ்சைக் கரிக்கிறது' என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். என் தாத்தாவுக்கு வந்தது புண். என் அம்மாவுக்கு வந்தது எதுக்களிப்பு. நோய் வேறு வேறு. இரண்டிலும் எரிப்பது அமிலமே.

அது என்ன அமிலம் என்பதை 1824-இல் எடுத்துக் காட்டினார் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட். உப்பிலிருந்து வடிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வயிற்றிலே! அதே காலத்தில் அமெரிக்காவில், துப்பாக்கிச் சூட்டால் வயிற்றில் ஆறாத துளை ஏற்பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற ஏழைக் கூலியாளின் இரைப்பைக்குள், நூலிலே இறைச்சித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் செரிமானத்தை ஆராய்ந்தார் படை மருத்துவர் வில்லியம் போமாண்ட். 1833-இல் அவருடைய நூல் வெளிவந்தது. உலகுக்கு அறிவு கிடைத்தது. மருத்துவருக்குப் புகழ் கிடைத்தது. துளையோடு வாழ்ந்து, 1880-இல் இறந்தான் அந்த ஏழை. மருத்துவ வரலாற்றின் ஏட்டிலே இப்படி எத்தனையோ ஏழைகளின் வயிறுகள் அடிக்குறிப்புகளாகக் கிடக்கின்றன!

அமிலம் என்று தெரிந்தபின் மருந்து எளிது என்று எண்ணினர். அமிலத்தை அடக்குவது காரம். தமிழிலே ஒரு வேடிக்கை உண்டு: மிளகாயின் உறைப்பும் காரம், சோடா உப்பு போன்ற வேதிப்பொருளும் காரம். 'காரத்தை விடு' என்றார் பாட்டி. 'காரத்தைக் குடி' என்றார் மருத்துவர்! சோடா உப்பும் சுண்ணமும் மக்னீசியமும் தூளாயின, பாகாயின, மாத்திரையாயின. திண்டுக்கல்லிலே பிரியாணி தின்று திணறுகிறவனின் அலமாரியில் இன்றும் நிற்கிறதே இளஞ்சிவப்புக் குழம்புப் புட்டி, அது இந்தக் குடும்பத்தின் வாரிசுதான்.

நொடியிலே சுகம் தரும், விலையும் குறைவு. ஆனால் கெடுதல்? சோடா உப்பு உடலிலே உப்பை ஏற்றும்; குருதிக் கொதிப்பு உள்ளவனுக்கு ஆகாது. மக்னீசியம் வயிற்றைக் கழியச் செய்யும். அலுமினியம் மலத்தைக் கட்டும். ஆகவே இரண்டையும் கலந்து விற்றனர்! 1915-இல் சிக்காகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, மணிக்கு மணி பாலும் பாலேடும் காரத் தூளும் கொடுக்கும் முறையை வகுத்தார். உலகெங்கும் பின்பற்றினர். சிலருக்குக் குருதியிலே சுண்ணச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெட்டது. பாலும் உப்பும்தானே, என்ன செய்துவிடும் என்ற அலட்சியத்துக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

கத்தியை ஓய்வெடுக்க வைத்தவர்கள்

சுரந்த அமிலத்தோடு மல்லுக்கு நிற்பானேன்? சுரக்கச் சொல்லும் ஆணையையே நிறுத்தினால் என்ன? இப்படி எண்ணினார் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். இரைப்பைக்கு ஆணை கொண்டுசெல்லும் தூதர்களில் ஒருவன் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். அந்தத் தூதன் தட்டும் கதவை அடைக்க ஒரு மருந்து தேடி, 1964 முதல் அவரும் துணைவர்களும் உழைத்தனர். ஒரு மருந்து கிடைத்தது. சில நோயாளிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தன. அதைக் கைவிட்டு, மீண்டும் தேடினர். 1976-இல் பிரிட்டனில் வெளிவந்தது சிமெடிடின். 1981-இல் வந்தது அதனினும் வலிய ரானிடிடின். அறுவை மேசையிலே புண்ணுக்காகக் கிடத்தப்படுவோர் தொகை நாடுதோறும் சரிந்தது. 1988-இல் பிளாக்குக்கு நோபெல் பரிசு.

அதே 1988-இல் சுவீடனிலிருந்து வந்தது ஓமெப்ரசோல். இது தூதனையோ கதவையோ தேடிப் போகவில்லை. அமிலத்தை இறைக்கும் எக்கியையே, பம்பு என்கிறோமே அதையே, பூட்டிவிட்டது! பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எனப் பெயர் மாறி நிற்பவை எல்லாம் இதன் உடன்பிறப்புகள். அமிலம் அரித்த உணவுக்குழாய்ப் புண்ணை இவை போல் ஆற்றிய மருந்து முன்பு இல்லை. புண்ணிலிருந்து குருதி கொட்டியவர்கள் பிழைத்தார்கள். ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் விட முடியாத முதியவர்களின் இரைப்பைக்கு இவை அரணாயின.

இன்னொரு புரட்சியும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலே ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இருவர், புண்ணுக்குப் பெருங்காரணம் ஒரு கிருமி என்றனர். கவலையும் காரமும் என்று ஓதிப் பழகிய பெரியவர்கள் நகைத்தனர். மார்ஷல் என்ன செய்தார்? 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். தம் இரைப்பை அழன்றதை உலகுக்குக் காட்டினார்! 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு. ஆண்டுக்கணக்கில் மாத்திரையும் இறுதியில் கத்தியும் வேண்டியிருந்த புண்ணுக்கு, கிருமிக்கொல்லிகளோடு அமில மாத்திரையும் சேர்த்து இரண்டு வாரம் உண்டால் பெரும்பாலோர்க்கு விடுதலை என்றாயிற்று. கிருமி மட்டுமே முழு விடை என்றும் சொல்லிவிட முடியாது. மைசூரிலே பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர் இந்தியப் படத்தை விரித்து வைத்து, அரிசி உண்ணும் தெற்கிலே புண் மிகுதி, கோதுமை உண்ணும் பஞ்சாபிலே குறைவு என்று எடுத்துக் காட்டினார். கிருமியோ இரு திசையிலும் பரவலாக உண்டு. அறிவியல் இப்படித்தான்: ஒரு கதவைத் திறந்து, அடுத்த கதவைக் காட்டும்.

இந்த மருந்துகள் ஏழையின் கைக்கு எட்டியது எப்படி? மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை இல்லை, செய்முறைக்கே உண்டு என்றது 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம். 2005 வரை நிலவிய அந்த ஏற்பாட்டால், நம் நாட்டுத் தொழிற்கூடங்கள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றன. தமிழ்நாட்டிலே 1994-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. கூலித் தொழிலாளிக்கும் மருந்து இலவசமாகக் கிடைத்தது. இதை நன்மை என்று சொல்லாதவன் நன்றி கொன்றவன்!

நாணயத்தின் மறுபக்கம்

ஆனால், தோழர்களே! மலிவாகக் கிடைத்தது மருந்து. கூடவே மலிவாகிவிட்டது எச்சரிக்கையும். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சிசாபிரைடு. இரவு நெஞ்செரிச்சலுக்கென்று விற்கப்பட்ட மருந்து அது. இரைப்பையை விரைந்து காலியாக்கும். ஆனால் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்தது. 1999 இறுதிக்குள் அமெரிக்காவில் 341 பேருக்கு இதயத் தாளக் கோளாறு பதிவாயிற்று. அவற்றுள் 80 பேர் மாண்ட செய்திகள். 2000-இல் அங்கே கடைகளிலிருந்து அது விலக்கப்பட்டது. இந்தியா தடை விதித்தது எப்போது தெரியுமா? 2011 பிப்ரவரியில்! அந்த நாட்டு நெஞ்சுக்கு 2000-இல் ஆபத்து. நம் நாட்டு நெஞ்சுக்குப் பதினோராண்டு கழித்துத்தானா ஆபத்து?

இரண்டாவது, ரானிடிடின். ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக விற்ற மருந்து. புற்று விளைவிக்கக் கூடியது என ஐயுறப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு அதிலே இருப்பதாக 2019 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 அன்று, ரானிடிடின் முழுவதையும் கடைகளிலிருந்து எடுத்துவிடுமாறு கேட்டுக்கொண்டது. காரணத்தைக் கவனியுங்கள்: அந்த மாசு தொழிற்கூடத்தோடு நிற்பதன்று, நாள் செல்லச் செல்ல மாத்திரைக்குள்ளேயே வளர்வது, வெப்பம் ஏறினால் மேலும் வளர்வது! சித்திரை வெயிலிலே, தகரக் கூரைக்கடியிலே, மாத்திரை அட்டைகள் தொங்கும் நம் ஊர்க் கடைகளை எண்ணிப் பார்த்தேன். இந்தியா 2022-இல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து ரானிடிடினை நீக்கியது. நீக்கம் வேறு, தடை வேறு. பட்டியலிலிருந்து போயிற்றே தவிர, கடையிலிருந்து போகவில்லை.

மூன்றாவது, அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலே இருந்த எக்கி மாத்திரை. இதைப் பற்றி அஞ்சவைக்கும் செய்திகள் ஏராளம்: எலும்பு முறியும், மறதி வரும், சிறுநீரகம் போகும், மாரடைப்பு வரும் என்று. இங்கேதான் பகுத்தறிவுக்கு வேலை. மாத்திரை உண்பவர்களிடையே ஒரு நோய் மிகுந்திருப்பதாலேயே, மாத்திரைதான் அந்நோயைத் தந்தது என்று தீர்ப்பெழுதிவிடலாமா? மருத்துவமனையிலே இறப்போர் மிகுதி. அதனால் மருத்துவமனை ஆளைக் கொல்கிறது என்போமா? மூப்பும் பிணியும் உள்ளவர்களே இந்த மாத்திரையை மிகுதியாக உண்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டாமா?

எண்ணியவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 17,598 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குப் பான்டோபிரசோலும் மறுசாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, சுமார் மூன்றாண்டு கவனித்தார்கள். 2019-இல் வந்தது முடிவு. அச்சுறுத்திய நோய்களில் பெரும்பாலானவற்றில் வேறுபாடு தென்படவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்று: குடற்றொற்று, 1.0 விழுக்காட்டுக்குப் பதில் 1.4 விழுக்காடு. காவற்காரனைத் தூங்க வைத்தால் திருடன் நுழைவது எளிதாகத்தானே இருக்கும்!

எனவே ஆபத்தே இல்லை என்று கைதட்டிவிடலாமா? அதுவும் தவறு. அந்தச் சோதனை ஓடியது மூன்றாண்டு; அஞ்சறைப் பெட்டியிலே ஐந்தாண்டு, பத்தாண்டு ஓடுகிறது. நெடுநாள் உண்போரில் சிலருக்குப் பி-12 உயிர்ச்சத்துக் குறையும். மக்னீசியம் குறைந்து தசை இழுக்கும். அரிதாகச் சிறுநீரகம் திடீரென அழலும். இந்தச் சிறுநீரக எச்சரிக்கையை மருந்துப் பெட்டியின் குறிப்புத் தாளிலே அச்சிட வேண்டும் என்று 2019-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே பணித்தது. இதயக் குழாய் அடைப்புக்குக் குளோபிடோகிரல் உண்போர் ஓமெப்ரசோலைச் சேர்த்து உண்டால், முன்னதன் வலிமை குறையும். மருத்துவரிடம் சொல்லியாக வேண்டிய செய்திகள் இவை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அட்டையின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. எழுத்து, எறும்பு அளவு. விற்பனை, யானை அளவு!

"இது இல்லாமல் முடியாது"

அம்மா சொன்னாரே, இது இல்லாமல் முடியாது என்று, அதுகூடப் பொய்யன்று. நிறுத்திப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாளே நெருப்பு முன்னிலும் கடுமையாக மூண்டிருக்கிறது. 'பார்த்தாயா, நோய் அப்படியே இருக்கிறது' என்று மீண்டும் அட்டையைக் கிழித்திருக்கிறார்.

அது நோயா, மருந்தின் நிழலா? டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சி விடை சொல்கிறது. நெஞ்செரிச்சலே அறியாத 120 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் எக்கி மாத்திரையும் பின்பு வெற்று மாத்திரையும், மறுபாதியினருக்குத் தொடக்கம் முதலே வெற்று மாத்திரையும் கொடுத்தனர். மருந்து நின்றபின் முதற் சாராரில் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சலும் எதுக்களிப்பும். மறுசாராரில் 15 விழுக்காடுதான். எக்கியை நெடுநாள் பூட்டி வைத்தால், உடல் மேலும் மேலும் ஆணை அனுப்பிப் பழகுகிறது. பூட்டைத் திறந்ததும் வெள்ளம்! நலமாக இருந்தவனுக்கே, நெஞ்செரிச்சல் மருந்து நெஞ்செரிச்சலைத் தந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஐந்தாண்டுக்கு முன் முழங்கால் வலி மாத்திரையோடு வயிற்றுக்குத் துணையாக எழுதப்பட்டது இது. அன்று அது சரியே. வலி மாத்திரை ஓரிரு மாதத்தில் நின்றுவிட்டது. துணைக்கு வந்தது மட்டும் நிற்கவில்லை. போருக்கு வந்த படை, போர் முடிந்தபின்னும் ஊரிலேயே குடியேறியது போல! குருதியைச் சோதித்தார்கள், பி-12 குறைந்திருந்தது. உள்ளங்கால் மரத்துப் போகிறது என்று அம்மா ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, எரிச்சல் எழும்போது மட்டும் இளஞ்சிவப்புக் குழம்பு கொடுத்து, மூன்று மாதத்தில் நிறுத்தினோம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். பதினோரு மணிக்குத் தின்று, வெற்றிலை புகையிலை போட்டு, அப்படியே சாயும் வழக்கம் எங்கள் தெருவிலே பலருக்கு உண்டு. நெஞ்செரிச்சலுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது.

இதைப் படித்துவிட்டு எவரும் வீட்டிலுள்ள முதியவரின் மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம்! குருதி கொட்டிய புண் உள்ளவர், ஆஸ்பிரின் விட முடியாதவர், உணவுக்குழாய் அரித்துப்போனவர், இவர்களுக்கு அது உயிர்க்காப்பு. அவர்கள் நிறுத்துவதுதான் ஆபத்து. விழுங்குவதில் தடை, கறுத்த மலம், காரணமின்றி உடல் மெலிதல் என்றால், மாத்திரையால் மூடி மறைக்காமல் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். வியர்த்துக் கொட்டி, தோளுக்கும் தாடைக்கும் பரவும் எரிச்சலை 'வாயு' என்று சோடா குடித்து ஆற்றப் பார்ப்பவன், இதயத்தின் கூக்குரலைக் கேளாதவன். அவனுக்கு வேண்டியது மருத்துவமனை. அதுவும் அந்த நிமிடமே.

தாயத்தை நம்பி என் தாத்தா புண்ணை வளர்த்தார். மாத்திரையை நம்பி என் அம்மா மரத்துப்போன காலோடு நடந்தார். தாயத்தும் மாத்திரையும் ஒன்றா? அல்ல, அல்லவே அல்ல! தாயத்துக்குள் ஒன்றுமில்லை, மாத்திரைக்குள் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் உழைத்தவர்கள் ஒவ்வொருவரும் கேள்வி கேட்டார்கள். உண்ணுகிற நாம் கேட்கவில்லை. அறிவியலின் கனியையே ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினால், விழுங்குகிறவனைப் பொறுத்தவரை அதுவும் தாயத்துத்தான்.

மறுவாரம் வகுப்பிலே, அந்தச் சிறுவனிடம் என் வீட்டுக் கதையை மறைக்காமல் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு அவன் கேட்டான்: "ஐயா, எங்க அப்பத்தாவும் தினமும் ஒரு மாத்திரை போடுது. எதுக்குன்னு கேட்டுட்டு வரவா?"

"கேட்டுவிட்டு வா தம்பி" என்றேன். "அட்டையையும் கொண்டு வா. சேர்ந்து படிப்போம்."